பன்னிரண்டாவதாக நின்ற கார்

குற்றாலத்துச் சாரலில் கார் துடைப்பது முடியாத வேலை. மலையிலிருந்து பொடிமழை இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் துடைத்து மறு பக்கம் வருவதற்குள் துடைத்த பக்கம் மறுபடி வேர்த்திருக்கும். அப்படியும் விடாமல் பதினோரு பேர் பதினோரு பழைய கார்களைத் துடைத்துக்கொண்டிருந்ததை, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பேரருவிக்குப் போகிற சாலையில் நின்று பார்த்திருக்கிறேன். காரைத் துடைத்தார்களா மழையைத் துடைத்தார்களா, எனக்கு இன்னும் தெரியாது. பன்னிரண்டாவது கார்க்காரர் மட்டும் துடைக்கவில்லை. நனையட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் காரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். துடைக்கிறவர்கள் குறுக்கே வந்துவிட்டார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தாறு வயது, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சீசனுக்கு வருகிறவர்களுக்கு அருவியைத் தவிர வேறு ஏதாவது காட்ட வேண்டும் என்று தென்காசிப் பெரிய மனிதர்கள் சிலர் குழு அமைத்தார்கள். சுற்று வட்டாரத்துப் பழைய கார்களைக் குற்றாலத்தில் வரிசையாக நிறுத்துவது, மாலையில் தென்காசிக் கோயில் வாசல் வரை ஊர்வலம் விடுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு காருக்கும் முன்னால் வைக்கிற போர்டு எழுதும் வேலை எனக்கு. அதனால் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி.

பன்னிரண்டாவது கார் அந்த வரிசையில் நிற்கலாமா கூடாதா என்று அதற்கு முன்னால் பத்து நாள் நாங்கள் சண்டை போட்டோம். ஏனென்றால் அது பழைய காரே இல்லை. பழைய கார் ஒன்றைப் போலப் பட்டறையில் செய்த கார்.

அசல், பெரிய வீட்டுக் கார். நிலபுலன் நிறைய உள்ள அந்த வீட்டார் வாங்கிய, நீண்ட மூக்கு வைத்த திறந்த கார். ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், கோயில் தெருவோ பள்ளிவாசல் தெருவோ, கேட்டால் அனுப்பிவிடுவார்கள். அதனால் தென்காசியில் ஒரு தலைமுறையின் கல்யாணப் படங்களிலெல்லாம் மாப்பிள்ளை மாறுவார், பெண் மாறுவாள், கார் மட்டும் மாறாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் புளியறைப் பக்கம் ஒரு வளைவில் அது பள்ளத்தில் இறங்கிவிட்டது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்ஜின் மட்டும் பிழைத்து ஆலங்குளத்துக் கிணறு ஒன்றில் தண்ணீர் இறைக்கப் போயிற்று. மற்றதெல்லாம் தகரமாகிவிட்டது.

அது விழுந்ததற்கு மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தென்காசியில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். ஊரே அவரைப் பட்டறை பாய் என்று கூப்பிடும். பெண் வீடு வாசுதேவநல்லூர். 'பெரிய வீட்டுக் காரில் வருகிறோம்' என்று சொல்லியனுப்பியாகிவிட்டது. கார் இல்லை. பட்டறையில் நின்றதோ பாடி கட்டாத பஸ் சேஸ் ஒன்றுதான்: நாலு சக்கரம், என்ஜின், ஸ்டியரிங், பின்னால் இரண்டு நீள இரும்பு. அதன்மேல் பலகை போட்டு, பலகைமேல் நாற்காலியைக் கயிற்றால் கட்டி, நாற்காலியில் மாப்பிள்ளையை உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு போனார்கள். வாசுதேவநல்லூர் போய்ச் சேரும்போது கழுத்தில் மாலை இல்லை, நார்தான் இருந்தது.

"எனக்கு வாய்ச்ச மாப்பிள எலும்புக்கூட்டு மேல உக்காந்துல்லா வந்தாரு" என்று அவர் மனைவி பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபமாக அல்ல. விருந்தாளி வந்தால் காபியோடு இதையும் கொடுப்பார். ஆனால் பாய்க்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. ஏலத்தில் வந்த ராணுவ வண்டி ஒன்றின் அடிப்பாகத்தை வாங்கிப் போட்டார். பஸ் வேலை இல்லாத நாளெல்லாம் தகரம் அடித்தார். அளவுக்கு வீடு வீடாகப் போய்க் கல்யாணப் படங்களை ஆணியிலிருந்து கழற்றி வாங்கி வந்தார். இடப்பக்கம் ஒரு செட்டியார் வீட்டுப் படம். வலப்பக்கம் மரைக்காயர் வீட்டுப் படம். மூக்குக்கு மூன்று படங்கள். முதுகுக்கு மட்டும் ஒரு படமும் கிடைக்கவில்லை. கல்யாணக் காரின் முதுகை யார் படம் எடுப்பார்? அவராக யோசித்து ஒரு முதுகைக் கட்டினார். இருபது வருஷம் பஸ் கட்டிய கை அது. தன்னை அறியாமல், மேலே சாமான் ஏற்றுவதற்கு பஸ்ஸில் வைக்கிற ஏணியை அந்தக் காரின் முதுகிலும் வைத்துவிட்டது. அழகான சின்ன ஏணி, நாலு படி. ஏறினால் போய்ச் சேர இடம் கிடையாது.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில், மற்ற கார்களோடு வரிசையில், அந்தக் காரில் மனைவியை உட்கார வைத்து ஓட்ட வேண்டும்.

குழுத் தலைவர் டாக்டர். அப்பா காலத்துக் கறுப்புக் கார் ஒன்று வைத்திருந்தார். நோயாளிகளைவிட அதன் மூச்சைத்தான் அதிகம் கவனிப்பார் என்று ஊரில் கேலி உண்டு.

"பாய், உங்க கைக்கு ஒரு கும்பிடு. ஆனா இது பழைய கார் கண்காட்சி. நேத்துச் செஞ்சது பழைய காராகுமா?" என்றார், கூட்டத்துக்கு வந்திருந்த பாயிடம்.

"நேத்து இல்ல டாக்டரய்யா, ஆரம்பிச்சு நாலு வருசமாச்சு" என்றார் பாய், பணிவாகத்தான்.

ஜவுளிக்கடை அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏன் டாக்டரய்யா, மூலவரு கருவறைய விட்டு வெளிய வாராரா? வீதிக்கு வாரது உற்சவருதான? அவரப் பாத்து, நீரு டூப்ளிகேட்டு, ஓரமா நில்லும்னு சொல்லுதோமா?"

"அதுக்கு ஆகமம் இருக்குவே. தகரத்துக்கு என்ன ஆகமம் இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். பாயும் சிரித்தார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீரு சொல்லும், மாஸ்டர்."

படத்தைப் பார்த்து வரைங்கடா என்று தினமும் முப்பது பிள்ளைகளிடம் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ஆனாலும் அன்று விறைப்பாகச் சொன்னேன்: வரிசையில் நிறுத்தினால் பார்க்கிறவர்கள் அதையும் அசல் என்று நம்பிவிடுவார்கள். அது பொய் சொல்வதுதான். பொய் சொல்லக் கூடாது.

பாய் எழுந்து போனார். வரிசைக்கு எதிரே டீக்கடைப் பக்கம் தனியாக நிறுத்திக்கொள்ளலாம், ஊர்வலத்தில் சேர வேண்டாம் என்று முடிவு. அதைச் சொல்லிவர என்னையே அனுப்பினார்கள்.

பாய் வீட்டில் முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். மனைவி கதவுத் திரைக்குப் பின்னால் இருந்தார். முகம் தெரியவில்லை. குரலே போதுமாக இருந்தது.

"எங்கன நிக்கச் சொல்லுதாக?"

"டீக்கடைப் பக்கமா அக்கா."

"டீக்கடை வாசல்ல நிக்குத காருல நான் எதுக்கு ஏறணும் தம்பி? பஜ்ஜி திங்கவா?"

"ஏட்டி, சும்மா இரி" என்றார் பாய்.

"நீங்க சும்மா இருந்துதான இம்புட்டும். டாக்டரய்யா காருக்கு முன்னால மட்கார்டு ரெண்டையும் யாரு அடிச்சா? இவுக. மேல போட்டிருக்க துணி? குடைத்துணி வாங்கி இந்தா இந்த மிசின்ல நாந்தான் தச்சேன். எஸ்டேட்டுக்காரரு வண்டிக்குக் கதவு? அதுவும் இவுக அடிச்சதுதான். அதுக்கெல்லாம் போர்டுல என்னன்னு எழுதப் போறிய?"

"இன்ன வருசத்து வண்டி, அசல்னு..."

"எங்களதுக்கு?"

"பாத்துச் செஞ்சதுன்னு" என்றேன்.

"எழுதுங்க. நல்லாக் கொட்டை எழுத்துல எழுதுங்க. எந்த வீட்டுப் படத்தப் பாத்து எந்தப் பக்கம் அடிச்சாகன்னும் எழுதுங்க. ஆனா மத்த காருக்கும் அதே மாதிரி எழுதணும். பொய் சொல்லப் பிடாதுன்னு நீங்கதான சொன்னியளாம்?"

திரை ஆடவில்லை. பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மட்கார்டு அடித்ததை அவர் எங்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார். வண்டியைத் தன்னிடம் நம்பிக் கொடுத்தவர்களின் குறையைச் சபையில் எடுத்து வைப்பது அவருக்கு வராது.

நேராக டாக்டர் வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன். சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஷெட்டுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். காரைச் சுற்றி வந்தார், தன் நோயாளியை முதல் தடவை பார்க்கிறவர் போல.

"மட்கார்டு பாய் அடிச்சது, சரி. துணி அந்தம்மாவா தச்சது? எனக்குத் தெரியாதே. பானட்டு எங்கப்பா காலத்துலயே மாத்துனது. சீட்டு போன வருசம்... அப்ப என்னவே மிச்சம்?"

"ஹாரன் இருக்கு டாக்டரய்யா."

அமுக்கிப் பார்த்தார். கம்மலாக ஒரு சத்தம் வந்தது.

"அதுக்கும் தொண்டை கட்டிட்டு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது, அவருக்குத்தான் முதலில். பிறகு ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்தார். அரக்கு நிறத்தில் ஓரிடம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருந்தது. "இங்கன எங்கப்பா கை இருந்தது. இது மாறல. அதையும் எழுதும்வே. எல்லாத்துக்கும் எழுதும். பாய் காரும் வரிசையிலயே நிக்கட்டும், ஊர்வலத்துலயும் வரட்டும்."

அந்தத் தேய்ந்த இடம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அசல் என்றால் எனக்கு அதுதான். ஒருவர் கை பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம். அதை எந்தப் பட்டறையும் அடித்துத் தர முடியாது. அதனால் அசலும் போலச் செய்ததும் ஒன்றுதான் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஒன்றல்ல. ஆனால் ஒன்றல்லாத இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், இருபத்தாறு வயதில்.

மூன்று நாள் உட்கார்ந்து எல்லாப் போர்டையும் பெயின்டில் எழுதினேன். வீட்டுக்கு வீடு போய், எது பழசு எது மாற்றியது என்று கேட்டேன். "என் காருக்கு உடம்பு சரியில்லன்னு ஊரெல்லாம் சீட்டு ஒட்டுதீரா?" என்று எஸ்டேட்காரர் சீறினார். பிறகு அவரே கதவைத் தட்டிக் காட்டினார், ரேடியேட்டரையும் காட்டிக் கொடுத்தார். டாக்டர் கார் போர்டுதான் எல்லாவற்றிலும் நீளம். பன்னிரண்டாவது போர்டில் எழுதினேன்: பெரிய வீட்டுக் காரைப் போலத் தென்காசிப் பட்டறையில் செய்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் மூக்கும் ஊரார் வீட்டுக் கல்யாணப் படங்களைப் பார்த்து. பின்பக்கத்துக்குப் படம் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாயின் மனைவி தென்காசியிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார், வெள்ளைத் துப்பட்டி போர்த்தி. பட்டறைக்குள் அவர் கால் வைத்ததில்லை. காரை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்க்கிறார். மெதுவாக ஒரு சுற்று வந்தார். முதுகுப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது எதுக்கு? தேங்காய் பறிக்கவா?"

பாய் அப்போதுதான் தன் ஏணியைப் பார்த்தார். நிஜமாகவே அப்போதுதான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து துப்பட்டி குலுங்கியது. வெகுநேரம் குலுங்கியது. பிறகு கதவைத் திறந்துகொண்டு ஏறிப் பின்சீட்டில் நடுவாக உட்கார்ந்தார். இரண்டு கையையும் சீட்டின்மேல் அகல விரித்துக்கொண்டார்.

கூட்டம் வந்தது. அருவியில் குளித்துத் தலை துவட்டாமல் வந்தவர்கள், எண்ணெய்த் தலையோடு வந்தவர்கள். பதினோரு காரையும் மரியாதையாகப் பார்த்தார்கள். பன்னிரண்டாவதைத் தொட்டார்கள். அதில் ஒருவர் செட்டியார் வீட்டு அம்மாள், நாற்பத்தைந்து வயதிருக்கும். இடப்பக்கத்துக்குப் படம் கொடுத்த வீடு. படம் எதற்குப் போயிற்று என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும். ஈரக் கூந்தலோடு போர்டைப் பாராமல் நேரே கதவைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ யப்பா, இது எங்க கல்யாணத்துக்கு வந்த கார்லா! இந்த ஓரத்துலதான் நான் உக்காந்திருந்தேன். கதவுல புடவ மாட்டிக்கிட்டு..." அவர் கண் கலங்கிவிட்டது.

நான் பயந்தது இதைத்தான். ஸ்டியரிங்கில் இருந்த பாயின் காது மடல் சிவந்தது. இதைவிட அவர் வேலைக்கு என்ன புகழ் வேண்டும்? பேசாமல் இருந்திருக்கலாம். பாய் பேசாமல்தான் இருந்தார்.

பின்சீட்டில் துப்பட்டி சற்று விலகியது.

"உங்க காரு புளியறையில போயிட்டுது, அக்கா" என்றார் அவர், மிக இதமாக. "இது என் காரு."

அந்த அம்மாள் கையை எடுத்துவிட்டார். காரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். முன்னால் டாக்டர் கார் ஹாரன் அடித்தது. வரிசை நகரப் போகிறது.

"ஏறுங்க. கோயில் வாசல் வரைக்கும்தான போவுது" என்று பாயின் மனைவி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தார். பிறகு, புதுக் காரில் ஏறுகிறவர்கள் செய்கிறபடி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினார்.