புளியமரத்து வளைவில் கேட்ட டிரம்

பதினெட்டு வயதில் எனக்கு ஒரு சத்தத்தின் மேல் ஆசை வந்தது. ஒரு பெண்ணின் மேல் வந்திருந்தால் பெரியவர்கள் பேசி முடித்திருப்பார்கள். இதுவோ கடல் கடந்த ஊரில் எப்போதோ செத்துப்போன ஒரு ராக் டிரம்மர் காலால் மிதித்து வாசித்த பெரிய டிரம்மின் சத்தம். யாரிடம் போய்ப் பேசி முடிப்பது?

கல்லூரி விடுதியில் ஒருவன் வைத்திருந்த கேசட்டில்தான் முதலில் கேட்டேன். மற்றவர்கள் மிதித்தால் பேஸ் டிரம் என்கிற அந்தப் பெரிய டிரம் 'தொப்' என்று விழுந்து அங்கேயே படுத்துக்கொள்ளும். அவர் மிதித்தால் 'தும்ம்' என்று எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகுதான் போகும். நிறைந்த கிணற்றில் பெரிய கல்லைப் போட்டதுபோல. அவர் பெயரைச் சொன்னால் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையாது. அதனால் முப்பது வருஷமாக எங்கள் வீட்டில் அவர் 'அந்த ஆளு'தான்.

சந்தவாசலில் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். கல்யாண மண்டபத்தில் அப்பளம் நொறுங்குகிற சத்தத்துக்கு நடுவே 'தொப்' போதும், 'தும்ம்' எதற்கு என்பார் குழுவை நடத்தியவர். டிரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்து வைத்தால் சத்தம் அடங்கி ஒடுங்கி வரும். அப்படித் திணித்தே இருபது வருஷம் ஓட்டினேன். அந்த ஆளின் சத்தத்தை என் டிரம்மில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்தது.

மனைவி நர்ஸ். அவளுக்கு ஜவ்வாது மலைமேல், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்தது. "நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்று கேட்டாள். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுச் சமையல்காரனாகக் கூடவே மலையேறிவிட்டேன். ஜீப்பின் மேல் டிரம்மும் ஏறியது. குவார்ட்டர்ஸில் இரண்டே அறை. ஒன்றில் நாங்கள், ஒன்றில் டிரம். இதில் அநியாயம் ஒன்றும் இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை.

போன மார்கழியில் கெடு வந்தது. மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்திருந்தது. அம்மாவே நர்ஸாக இருக்கும்போது பிரசவத்துக்கு வேறெங்கே போவாள்? திங்கட்கிழமை மாப்பிள்ளையே கொண்டுவந்து விடுவதாகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை சாப்பிடும்போது மனைவி சொன்னாள், "அந்த ரூம்பு பொண்ணுக்கு வேணும். திங்கக்கெழமைக்குள்ள டிரம்ம கீழ எறக்கிடுங்க."

கீழே இறக்கினால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்குமே தெரியும். போளூரில் ஒரு குழுவினர் அதை ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பி தூக்கிக் கொடுத்துவிடுவான். ஆக, முப்பது வருஷ ஆசைக்கு மீதி இருந்தது ஐந்து நாள்.

அன்றைக்கே ஆரம்பித்தேன். செல்போனில் அந்த ஆளின் பாட்டைப் போடுவேன். டிரம்மைச் சுற்றியிருக்கும் எட்டுத் திருகுகளையும் சாவியால் கால் சுற்று, அரைச் சுற்று முறுக்குவேன். மிதிப்பேன். தொப். மறுபடி பாட்டு, மறுபடி முறுக்கு, மறுபடி தொப். ஒரு வீடியோவில் எவனோ ஒரு புண்ணியவான், அவர் டிரம்முக்குள் தலையணையே வைக்கமாட்டார், தோலையும் நன்றாக இழுத்துக் கட்டுவார் என்றான். உடனே முன்பக்கத்தைக் கழற்றித் தலையணையை வெளியே இழுத்தேன்.

மனைவி அதையே உற்றுப் பார்த்தாள்.

"இது எங்க அம்மா வூட்டுத் தலவாணி!"

இலவம்பஞ்சுத் தலையணை, ஓரத்தில் பச்சை நூல் பூ. சீரோடு வந்தது. இருபது வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்ததும், அதற்காகத் தன் நாத்தனாரைச் சந்தேகப்பட்டதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் தங்கைக்கு அன்று மாலையே போன் போட்டு, காரணம் சொல்லாமல், அரை மணி நேரம் அன்பாகப் பேசினாள். எனக்கு இரண்டு நாள் பேச்சில்லை.

தலையணை போயும் சத்தம் வரவில்லை. இப்போது 'தொப்'புக்குப் பதில் 'டொங்' என்றது. அறை சின்னது, சுவர் முட்டுகிறது என்றேன். பேச்சில்லாத மனைவி அதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

ரோஷம் வந்து வியாழக்கிழமை காலையில் டிரம்மை வெளியே வாசலில் கொண்டுபோய் வைத்தேன். பெடல் ஸ்பிரிங் வேறு அறுந்திருந்தது. புதிது வாங்கச் சந்தவாசலுக்கு இறங்கவேண்டும். பக்கத்து நிலத்தில் சாமை போட்டிருப்பவர் வரப்பில் நின்றிருந்தார். என் வயதுதான். அவர்கள் ஊர்த் திருவிழாவில் மேளம் அடிப்பவர். என்னுடைய முறுக்கலையும் திட்டலையும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு மனம் நொந்திருந்தார்.

"மாடு முட்டாம பாத்துக்குங்க. பனியில ஒரே தொளதொளன்னு கீது," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

மத்தியானம் திரும்பி வந்தபோது வாசலில் சருகு எரிந்த சாம்பல். டிரம் அண்ணாந்து கிடந்தது. மிதிக்கிற பக்கத்துத் தோல் அப்பளம்போலக் கொப்புளித்து, நடுவில் கை நுழைகிற ஓட்டையோடு இருந்தது. பக்கத்தில் அந்த மேளக்காரர் தலையில் கை வைத்துக் குந்தியிருந்தார்.

"பனி ஏறுனா காச்சணும் இல்ல சார்? எங்க மேளத்த அப்டிதான் காச்சுவோம். தோலுன்னு நெனச்சிக்கினேன். பிளாஸ்டிக்குன்னு யாரு கண்டா?"

மலையில் தப்போ மேளமோ, பனிக்காலத்தில் எதை அடிப்பதானாலும் முதலில் சருகைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். விறைப்பு ஏறி, தட்டினால் கணீரென்று பேசும். அவர் எனக்கு உதவி செய்திருக்கிறார். அது புரிந்தும் நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அவர் எழுந்து போய்விட்டார். வேலூர்க் கடைக்குப் போன் போட்டேன், அந்த அளவுத் தோல் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று சொல்லிக்கொண்டு அரிசி களையப் போனேன். அழுகை வந்தது. ஐம்பது வயதில் ஒரு டிரம்முக்காக அழுகிறோமே என்று கோபமும் சேர்ந்து வந்தது.

சாயங்காலம் அவர் திரும்பி வந்தார். தோளில் ஈரமாக, சுருட்டிய ஆட்டுத் தோல். கிடாயுடையது. தை மாதத் திருவிழாவுக்காகத் தங்கள் மேளத்துக்கு வைத்திருந்ததாம்.

"திருவிழாவுக்கு வேற பாத்துக்கலாம் சார். இன்னும் நாளு கீது. உங்களுக்குத்தான் இல்ல."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "வளையத்தப் புடிங்க," என்றார்.

மர வளையத்தைச் சுற்றித் தோலை மடித்துச் செருகி, ஈரத்தோடு டிரம்மின் மேல் பொருத்தினோம். திருகு முறுக்குவதை மட்டும் எனக்கு விட்டார். வெள்ளி, சனி இரண்டு நாளும் வெயிலில் காய்ந்தது. அந்த ஆள் வாசித்தது பிளாஸ்டிக் தோல் என்பது எனக்குத் தெரியும். ஆட்டுத் தோலில் அவர் சத்தம் எங்கே வரப்போகிறது? இருந்தாலும் மூன்று நாளாக ஒரு மனிதர் தன் நிலத்து வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார். வராது என்று சொல்ல மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சருகைக் கொளுத்தி, இந்தத் தடவை முறையாக, அவரே காய்ச்சினார். நான் தட்டித் தட்டி முறுக்கினேன். ஏதோ ஒரு பக்கம் உடன்படவில்லை. எது என்று பிடிபடவும் இல்லை. வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி அதற்கு மேல் பொறுக்கமுடியாமல் எழுந்து வந்தாள். வயிற்றின் மேல் வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்பார்களே, அந்தக் குழலை எடுத்து வந்து தோலில் வைத்துக் காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு திருகுக்குப் பக்கத்திலும் என்னைத் தட்டச் சொன்னாள்.

"இங்க கம்மியா கேக்குது. ஏத்துங்க. போதும், போதும். இப்ப அந்தாண்ட."

ஒரு நாளைக்கு இருபது வயிற்றில் காது வைக்கிறவள். கால் மணி நேரத்தில் எட்டுத் திருகும் ஒரே குரலில் பேசின. இத்தனை வருஷம் இந்தக் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வீடியோ பார்த்திருக்கிறேன்.

செல்போனைப் பதிவில் போட்டு வேலிக்கம்பில் கட்டினேன். உட்கார்ந்தேன். மிதித்தேன்.

என்னவோ வந்தது. பெரிதாகத்தான் வந்தது. ஆனால் டிரம்மைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் காலடியில் அதிர்வதும் பெடல் கிறீச்சிடுவதும்தான் கேட்கிறது. அந்த ஆளின் பாட்டை ஒரு சுற்று முழுக்க வாசித்துவிட்டு ஓடிப்போய் செல்போனை எடுத்துக் கேட்டேன். தகர டப்பாவைக் குச்சியால் அடித்ததுபோல் இருந்தது. மறுபடி வாசித்து மறுபடி கேட்டேன். அதே தகரம். "பரவால்ல சார், நல்லாத்தான் கீது," என்றார் அவர், கல்யாண வீட்டில் உப்பில்லாத சாம்பாரைச் சொல்வதுபோல. சரி, முடிந்தது என்று திருகுச் சாவியைக் கையில் எடுத்தேன். நாளைக்குக் கழற்றுவதை இன்றைக்கே கழற்றலாம்.

அந்த நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. மகள் இறங்கினாள். திங்கட்கிழமை அஷ்டமி என்று காலண்டரைப் பார்த்துவிட்டு, மாமியார் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிட்டாராம். கை நிறைய வளையல், மூச்சு வாங்கல், முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் அம்மா அந்தப் பச்சைப் பூத் தலையணையைக் கொண்டுவந்து நாற்காலியில் முதுகுக்கு வைத்தாள்.

"இன்னாப்பா, நான் வர்றேன்னு அந்த ஆளு பாட்ட அவ்ளோ சவுண்டா வெச்சிட்டீங்க?" என்றாள் மகள். "கீழ புளியமரத்து வளைவுல வர்றப்பவே கேட்டுச்சி. புது ஸ்பீக்கர் வாங்கினீங்களா?"

தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அவளை ஏமாற்ற முடியாது.

"பாட்டு இல்லடி, உங்கப்பாதான்," என்றாள் என் மனைவி.

"சும்மா சொல்லாதம்மா."

மனைவியைப் பிடித்து டிரம் முன்னால் உட்காரவைத்தேன். "மிதி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாத."

"எனக்கு இன்னா தெரியும்?"

"கால வெச்சி மிதி, போதும்!"

செருப்பைக்கூடப் போடாமல் சரிவில் இறங்கினேன். முதல் திருப்பம் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புளியமரத்தடிக்கு வந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் அடுத்த மலை.

தும்ம்.

ஒன்றுதான். எழுந்து, எதிர்மலைவரை போய், நின்று, பிறகு போனது. கேசட்டில் கேட்ட அதேதான். அந்த ஆளுக்கு வேண்டியது இவ்வளவு இடம். கூடம்தான் கோணல், என் மேல் தப்பில்லை. இதை மேலே போனதும் முதல் வேலையாக அவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

தும்ம். தும்ம். இப்போது தொடர்ந்து வந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே தாளத்தில், தினமும் குழலில் கேட்கிற அந்தத் துடிப்பில், ஆனால் நிதானமாக மிதித்தாள். மேலே மகள் கத்திச் சிரிப்பதும் மெல்லக் கேட்டது. நான் சத்தம் போட்டுச் சொன்னால்தான் அவள் நிறுத்துவாள். நான் சொல்லவே இல்லை.