அலாரம் பெட்டியில் புதுச் சந்தனம்

பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காக மட்டும் சகினா எந்த அலாரம் பெட்டியையும் நம்பியதில்லை. சர்வீஸுக்காக மாதம் ஒருமுறை கடைக்கு வருவாள். தோள்பையைக் கீழே வைப்பாள். கடையிலுள்ள கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடுவாள். கதவு திறந்தால் பெட்டியில் பச்சை போய்ச் சிவப்பு வர வேண்டும். வந்தால்தான் அடுத்த கதவுக்குப் போவாள். மற்ற மெக்கானிக்குகள் பச்சையைப் பார்த்து, காபியைக் குடித்து, சர்வீஸ் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுவார்கள். சகினாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

தி.நகரில் பொன்ராஜ் அண்ணாச்சியின் நகைக்கடை வாட்ச்மேன் அம்மாசிக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாம்மா, கதவுக்கெல்லாம் எக்சர்சைஸ் குடுத்துக்கினு கீறியா?"

"நீதான் நாள் பூரா ஸ்டூல்லயே குந்திக்கினு கீறியே அண்ணே. கதவாச்சும் உடம்ப ஆட்டட்டும்."

சகினாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு இரண்டு வருஷம் டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தாள். அது சலித்துப்போனது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஸ்ரீரங்கன் என்பவர் இரண்டு அறையில் அலாரம் கம்பெனி நடத்துகிறார் என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றாள். "ஏணி ஏறுவியாம்மா?" என்று அவர் கேட்டார். அங்கே சுவரில் சாய்ந்திருந்த ஏணியில் ஏறி, மேலே தொங்கிய சைரனின் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினாள். மறுநாளே வேலை. ஆறு வருஷத்தில் தென்சென்னைக் கடைகளில் பாதிக் கடைகளின் பின்வாசல் அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கம்பெனியில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. சர்வீஸ் முடிந்து ஒரு மாதத்துக்குள் பெட்டியில் கோளாறு வந்தால், அது கடைசியாகக் கையெழுத்துப் போட்ட மெக்கானிக்கின் கணக்கில்தான் சேரும். அப்படி மூன்று கோளாறு சேர்ந்தால் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். ஆறு வருஷமாகச் சகினாவின் பெயருக்கு நேரே ஒன்றுகூட இல்லை. அந்த வெற்றிடத்தைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

1997 பிப்ரவரி. தை மாசக் கல்யாணக் கூட்டம் இன்னும் ஓயவில்லை. ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குச் சகினா வந்தபோது அண்ணாச்சி கடையில் நிற்க இடமில்லை. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணம் நீட்டுகிற பெண்ணைத் தாண்டி, கூட்டத்தில் புகுந்து உள்ளே போனாள். அம்மாசியைப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்தினாள். முன்கதவைத் திறந்தாள்.

"செவப்பு!" என்று அம்மாசி கத்தினார்.

லாக்கர் அறைக் கதவு. "செவப்பு!"

பின்கதவு. அது ஒரு குறுகிய சந்தில் திறக்கும். காலையில் கடையைத் திறப்பவர்கள் அந்த வழியாகத்தான் உள்ளே வருவார்கள். சகினா அகலத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பச்சை."

"நல்லா பாத்து சொல்லு அண்ணே."

"எனுக்கு கலர் தெரியாதா? பச்சைதான் கீது."

அவள் கதவை மூடித் திறந்தாள். மறுபடியும் மூடித் திறந்தாள். பச்சையேதான்.

கதவில் இருந்த காந்தம் சரியாக இருந்தது. அங்கிருந்து போகும் வயரும் வெளிப்பார்வைக்குச் சரியாக இருந்தது. அப்படியென்றால் வினை பெட்டிக்குள் இருக்க வேண்டும். பெட்டியின் மூடிக்கு ஒரே ஒரு பெரிய திருகுதான். மாதச் சோதனைக்கு அதைக் கழற்றத் தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி பார்க்க மட்டும் கழற்றுவாள். கடைசியாகக் கழற்றியது செப்டம்பரில்.

ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆயுத பூஜையன்று அண்ணாச்சியின் மனைவி தங்கம் அந்தக் கடையில் எதையும் விட்டுவைக்க மாட்டாள். தராசு, கால்குலேட்டர், டெலிபோன், ஏ.சி. என்று எல்லாவற்றுக்கும் பொட்டு. அலாரம் பெட்டிக்கு அவள் பொட்டு வைப்பது சரியாக அந்தத் திருகின் தலையில். அக்டோபரில் வைத்தது. போன மாதம் சகினா பார்த்தபோது அது காய்ந்து, கறுத்து, குங்குமம் மங்கிப்போய் இருந்தது. இப்போது அதே இடத்தில் மஞ்சளாகப் புதுச் சந்தனம். நடுவில் பளிச்சென்று குங்குமம். குனிந்தால் பன்னீர் வாசனைகூட வந்தது.

சகினா ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டாள். சந்தேகம் வந்துவிட்டால் தனியாகப் பெட்டியைத் தொடக் கூடாது. கடைக்காரர்கள் இரண்டு பேர் பார்க்கத்தான் திறக்க வேண்டும். அந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அவளே வைத்துக்கொண்டது.

"அம்மாசி அண்ணே, நீ இங்கயே நில்லு. யாரையும் தொட வுடாத" என்று சொல்லிவிட்டு, கல்லாவில் இருந்த தங்கத்தை அழைத்து வந்தாள்.

"அக்கா, இந்தப் பெட்டிக்குப் பொட்டு எப்ப வெச்சீங்க?"

"ஆயுத பூசைக்குத்தான். ஏம்புள்ள?" என்றபடி குனிந்து பார்த்த தங்கத்தின் முகம் மாறியது. "இது நான் வச்சது இல்ல. நான் மோதிர விரலால உருண்டையா வப்பேன். இது யாரோ கட்டவிரலால இழுவியிருக்காவ. சந்தனமும் நம்ம வீட்டுல அரைச்சது இல்ல. வாசல்ல கிண்ணத்துல வச்சிருக்கோம்லா, அந்தப் பாக்கெட்டுச் சந்தனம்."

"அப்போ யாரோ திருகைக் கழட்டியிருக்காங்க. பழைய பொட்டு உதிந்துபோச்சு. தெரியக் கூடாதுன்னு புதுசு வெச்சிருக்காங்க."

தங்கம் கல்லாப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வெளியாளு பொட்டு வைக்க மாட்டான்."

இரண்டு பேரும் பார்க்கச் சகினா மூடியைக் கழற்றினாள். பின்கதவிலிருந்து வந்த இரண்டு வயர்களும் வெட்டப்பட்டுச் சும்மா கிடந்தன. அவை சேர வேண்டிய இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு ரெசிஸ்டரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அந்தச் சின்னத் துண்டு கதவின் பக்கம் இருக்க வேண்டியது. அதைப் பெட்டிக்குள்ளேயே கட்டிவிட்டால், கதவைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாலும் பெட்டிக்குக் கதவு மூடியிருப்பதாகவே தெரியும். விளக்கு பச்சையாகவே எரியும்.

"கோளாறு இல்ல அக்கா. கை வெச்சிருக்காங்க" என்றாள் சகினா.

அரை மணி நேரத்தில் ஸ்ரீரங்கன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். மாடியில் அண்ணாச்சியின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். அண்ணாச்சி, ஸ்ரீரங்கன், தங்கம், சகினா, அப்புறம் அண்ணாச்சியின் அக்கா மகன் அஸ்வத். அஸ்வத்துக்கு இருபத்தாறு வயது. தினமும் காலையில் கடையைத் திறப்பவன் அவன்தான். அண்ணாச்சி அவனைப் பார்க்காமலே பேசினார்.

"ஸ்ரீரங்கன், ஒம்ம நோட்டுல கோளாறுன்னு எழுதிச் சரிபண்ணிட்டுப் போங்க. தெருவுல பதினாலு கடைக்காரங்க நான் சொல்லித்தான் ஒம்ம பெட்டிய மாட்டியிருக்காங்க. எங்கடையிலயே உள்ளாளு கை வச்சான்னு வெளிய போச்சுன்னா நான் எந்த முகத்த வச்சுக்கிட்டு நடப்பேன்?"

ஸ்ரீரங்கன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சகினா, கோளாறுன்னே போட்டுடும்மா. உன் கணக்குல நான் சேக்க மாட்டேன். நான் சொல்றேனே, போறாதா?"

"நோட்டுல சேருமே சார்."

"நான் இருக்கேன் இல்லியா?"

"இன்னிக்கு நீங்க கீறீங்க. நாளைக்கு அந்தக் கதவை ஒடைச்சு எவனாவது உள்ள பூந்தா போலீஸ் உங்க வார்த்தையையா பாக்கும்? நோட்டைப் பாக்கும். கோளாறு, சரி பண்ணது சகினா. போன மாசம் எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டதும் சகினா. அப்புறம் யாரைப் புடிப்பாங்க?"

"கோவிச்சுக்காதம்மா" என்றார் அண்ணாச்சி. "ஒன்ன யாரு சந்தேகப்படப் போறா?"

"இன்னிக்கு யாரும் படல அண்ணாச்சி. அதனாலதான் இன்னிக்கே எழுதிடணும்."

இதைச் சொன்னபோது அவள் குரல் உயரவில்லை. மடியிலிருந்த சர்வீஸ் நோட்டின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள், யாரோ பிடுங்க வருவது போல.

"யார் செஞ்சாங்கன்னு நான் கேக்கல" என்று தொடர்ந்தாள். "அது என் வேலை இல்ல. இந்த விஷயம் இன்னும் யாருக்கெல்லாம் தெரியும்? அது மட்டும் தெரியணும். செஞ்ச ஆளுக்கு வயர் வேலை தெரிஞ்சிருக்கு. பொட்டு வெச்ச ஆளுக்கு இந்தக் கடைப் பழக்கம் தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் ஒரே ஆள் இல்ல."

தங்கம் அஸ்வத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவன் உடைந்துவிட்டான்.

"மாமா, நான்தான். திருடணும்னு இல்ல மாமா, சத்தியமா. காலைல பின்கதவைத் தொறந்தா முப்பது செகண்டுல ஓடி வந்து சுவிட்சை அமத்தணும். போன மாசம் மூணு வாட்டி லேட்டாகி சைரன் அடிச்சுட்டு. நீங்க சேல்ஸ் புள்ளைங்க எல்லாரும் பாக்கத்தான ஏசினீங்க? சோத்துக்குக் கேடுன்னு சொன்னீங்க."

அஸ்வத் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தான்.

"போன வாரம் ஏ.சி. ரிப்பேருக்கு வந்தவர்கிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அஞ்சு நிமிஷ வேலை, யாருக்கும் தெரியாம பண்ணித் தாரேன்னாரு. இனிமே பின்கதவுக்குச் சத்தமே வராதுன்னாரு. பொட்டு உதிந்துட்டு. அத்தை பாத்தா கண்டுபிடிச்சிருவாங்கன்னு நேத்துதான் கிண்ணத்துல இருந்து எடுத்து..."

"ஏலே கூறுகெட்டவனே" என்றாள் தங்கம். "ஒரு பொட்டாவது ஒழுங்கா வைக்கப் படிச்சியா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சகினா அஸ்வத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஏ.சி. ஆள் எப்பவும் வர்றவரா?"

"இல்லக்கா. புதுசு. வாசல்ல வந்து விசிட்டிங் கார்டு குடுத்தாரு. ரேட்டு கம்மியா இருந்துது."

"அண்ணாச்சி" என்று அவள் திரும்பினாள். "உங்க பின்கதவுக்கு ஒரு வாரமா அலாரம் இல்ல. அது உங்களுக்குத் தெரியாது, சாருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. யாருன்னே தெரியாத ஒரு ஆளுக்குத் தெரியும்."

அண்ணாச்சி மேசைமேல் இருந்த பேனாவை எடுத்துச் சகினாவின் பக்கம் தள்ளினார்.

"எழுதும்மா."

அண்ணாச்சிக்கு ஆங்கிலம் வராது என்பதால் தமிழிலேயே எழுதினாள். தேதி, நேரம், திருகின் மேல் இருந்த புதுச் சந்தனம், வெட்டிய வயர், கறுப்பு டேப், பார்த்த இரண்டு பேரின் பெயர். கடைசியில், "இது கோளாறு அல்ல. வேறொருவர் பெட்டியைத் திறந்து பின்கதவு வயரை மாற்றியிருக்கிறார்" என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். அண்ணாச்சி எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தார்.

"அஸ்வத் பேரு இதுல இல்லையே?"

"நான் பாத்ததைத்தான் நான் எழுதுவேன். அஸ்வத் சொன்னதை அஸ்வத்தே எழுதட்டும். கீழ இடம் வுட்டிருக்கேன்."

அஸ்வத் ஆறு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டான். அண்ணாச்சியும் போட்டார். ஸ்ரீரங்கன் கடைசியாகப் போட்டார். போடும்போது அவளைப் பார்த்து, "நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாதும்மா" என்றார். சகினா தலையை மட்டும் அசைத்தாள். அவளுக்கு இறங்கிப் போய் வேலையை முடிக்க வேண்டியிருந்தது.

அண்ணாச்சியே ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். போலீஸ்காரர் இருவர் பிற்பகலில் வந்து நோட்டைப் பார்த்து நகல் எழுதிக்கொண்டு, டேப் சுற்றிய துண்டையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனார்கள். அதன் பிறகு சகினா வயரைப் பழையபடி இணைத்தாள். மூடியைத் தூக்கினாலே, பகலானாலும் இரவானாலும், சைரன் அடிக்கிற மாதிரி ஒரு பொத்தானையும் உள்ளே பொருத்தினாள். சோதித்துக் காட்ட மூடியைத் தூக்கியதும் சைரன் அலறியது. நெக்லஸ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் அதைக் கழுத்தில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, உசுரே பூட்ச்சு" என்றார் அம்மாசி.

"எங்கயும் போவல. அங்கதான் கீது, பாத்துக்க."

இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து செய்தி வந்தது. விசிட்டிங் கார்டில் இருந்த திருவான்மியூர் விலாசத்தில் வீடே இல்லை. முள்செடி மண்டிய காலி மனை. கார்டில் இருந்த போன் நம்பர் ஒரு மளிகைக் கடையுடையது. அந்தக் கடைக்காரருக்கு அப்படி ஒரு ஆளையே தெரியாது.

செய்தி வந்தபோது சகினா அங்கேதான் இருந்தாள். பின்கதவைத் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகும்படி அண்ணாச்சி கேட்டிருந்தார். அவர் ரிசீவரை வைத்தார். பிறகு தெருக் கடைக்காரர்களின் நம்பர் எழுதிய அட்டையை எடுத்து, முதல் நம்பரைச் சுழற்றினார்.

"யாரு, நான்தான் பொன்ராஜ். ஒம்ம கடைக்குப் புதுசா ஏ.சி. ஆளு எவனாவது வந்தானா?... வந்தானா? சரி, கேளும். எங்கடை அலாரத்துல கை வச்சிட்டுப் போயிட்டான். ஆமா. விட்டது எங்க வீட்டுப் பையன்தான், மறைக்க என்ன இருக்கு? கண்டுபிடிச்சது ஸ்ரீரங்கன் ஆபீஸ் சகினா. இல்ல, வேற ஆளு வேண்டாம். அவளையே அனுப்புதேன்."

அவர் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு சகினாவைப் பார்த்தார். "எதுத்தாப்புல வெள்ளிப் பாத்திரக் கடை. இப்பவே போறியாம்மா?"

சகினா ஏற்கெனவே பையைத் தோளில் மாட்டியிருந்தாள்.

"அவங்க கடைலேருந்து ரெண்டு பேரு வேணும், அண்ணாச்சி" என்றாள். "நான் வர்ற வரைக்கும் பெட்டியை யாரும் தொட வேணாம்னு சொல்லுங்க."