ஆணியில் மாட்டிய வளையல்

நான் மூணாங்கிளாஸோட நின்னவள். என் சின்னப் பொண்ணு தாம்பரத்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, குறைமாசக் குழந்தைகளைப் பார்க்கிற வார்டில் நர்ஸ். எங்க சேலையூர்த் தெருவுல யார் கேட்டாலும் சொல்லுவேன். கேட்காட்டியும் சொல்லுவேன்.

ரெண்டு தேங்காய் எடைகூட இல்லாத குழந்தைங்க அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருக்கும். அதுங்களைத் தொடுற கையில வளையல், மோதிரம் எதுவும் கூடாது. அதனால என் பொண்ணு எப்பவும் வெறுங்கைதான். "என்னக்கா, வயசுப் பொண்ணை இப்படி விட்டிருக்கீங்க?"ன்னு பக்கத்து வீட்டுல கேட்பாங்க. "சம்பாதிக்கிற கை, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லிடுவேன்.

படப்பையில அரிசிக் கடை வச்சிருந்த குடும்பம் பொண்ணு பார்க்க வந்தாங்க. நல்ல பையன். ஆனா அவங்கம்மா வேலையை விடச் சொல்லுவாங்கன்னு தரகர் முன்னாடியே சொல்லிட்டார். "அப்படின்னா இந்த இடம் வேணாம்மா"ன்னுட்டா என் பொண்ணு. எனக்கு ரெண்டும் வேணும்.

அன்னிக்கு ஒருநாளாவது போட்டுக்கோன்னு கெஞ்சி, கண்ணாடி வளையல் போட்டுவிட்டேன். கேசரி, பஜ்ஜி வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு. பிரசவத்துக்கு வந்திருந்த பெரிய பொண்ணோட குழந்தை உள்ளே அழுதது. அதுவும் குறைமாசம், அப்பதான் வார்டில இருந்து வீட்டுக்கு வந்திருந்தது. பையனோட அம்மா ஆசையா எழுந்துபோய்க் கையை நீட்டினாங்க. என் பொண்ணு குறுக்கே போய் நின்னா.

"கை கழுவிட்டுத் தூக்குங்கம்மா."

"இப்பத்தானே டிபன் சாப்பிட்டுக் கழுவினேன்."

"அது போதாதும்மா. வளையலைக் கழட்டிட்டு, சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் கழுவணும்."

பொண்ணு பார்க்க வந்த சுமங்கலியையா வளையல் கழட்டச் சொல்றது? சம்பந்தம் போச்சுன்னு நினைச்சேன். பையனோட அப்பா ஓடாத ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கிட்டிருந்தார்.

"இன்னாம்மா இது, நல்ல நாளும் அதுவுமா"ன்னாங்க அந்தம்மா.

என் பொண்ணு முதல்ல தன் வளையலைக் கழட்டி ஜன்னல்ல வச்சா. "தங்கத்தை மட்டும் கழட்டுங்க. கண்ணாடி வளையலை மேலே ஏத்திக் கட்டிடலாம்"னு, தன் கைக்குட்டையால அவங்க கையில கட்டினா. குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்த் தானே தேய்ச்சும் விட்டா. அப்புறம்தான் குழந்தையை மடியில வச்சா.

"எங்கிட்டயே இந்த அதட்டலா? அங்கே டாக்டருங்க கதி என்ன?"

"அவங்களுக்கும் இதேதாம்மா."

அந்தம்மா குலுங்கிச் சிரிச்சதுல குழந்தை அழுகையை நிறுத்திட்டு முழிச்சது.

கிளம்பும்போது என்கிட்ட சொன்னாங்க: "வேலைக்குப் போகட்டும். ஆனா வூட்டுக்குள்ள வந்தா என் மருமக கையில வளையல் இருக்கணும்."

கல்யாணம் ஆனதும் படப்பை வீட்டு வாசக்கதவுகிட்ட சம்பந்தியம்மாவே ஒரு ஆணி அடிச்சாங்க. வேலைக்குப் போகும்போது வளையல் ஆணியில, வந்ததும் கையில.

நான் பஸ் ஏறிப் போனா முதல்ல ஆணியைத்தான் பார்ப்பேன். காலியா இருந்தா பொண்ணு வீட்டுல இருக்கா. பேரன் பிறந்தப்புறம் ஒருநாள், ஆசையா அவனைத் தூக்கப் போனேன். சம்பந்தியம்மா குறுக்கே வந்து நின்னாங்க. என் வளையலைக் கழட்டி அதே ஆணியில மாட்டிட்டு, குழாயடிக்குப் போனேன்.