கவுஸ் பாய் சொன்ன ஜப்பான் கார்

கவுஸ் பாயைப் பற்றி எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். இறந்தவரைக் குறை சொல்லக் கூடாது என்கிறார் வார்டன் அம்மா. ஆனால் அவரைத் தெரிந்த மலைப் பிள்ளைகளான நீங்கள்தான் நம் கையெழுத்துப் பத்திரிகையைப் படிக்கிறீர்கள்.

இன்று மாலை லாரி ஓட்டும் முனுசாமி அண்ணன் ஆலங்காயத்தில் உள்ள எங்கள் விடுதிக்கு வந்தார். "பாய் பூட்டாரும்மா. நேத்து மார்வலி. இத்த உன்கிட்ட சேக்கச் சொன்னாரு" என்று ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார்.

பாய் வாணியம்பாடித் தோல் மண்டிக்காக எங்கள் மலை ஊரில், தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டையை வாங்கியவர். விடுமுறையில் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், பட்டை நிறுத்துக்கொண்டே, ஜப்பானில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் உருவான கதையைச் சொல்வார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். காரை முழு அளவில் காகிதத்தில் வரைந்தார்களாம். வரையச் சொன்ன கம்பெனி பாதியில் விலகிக்கொண்டதாம்.

"வரஞ்சவன நெனச்சுப் பாரு புள்ள. வாக்கு குடுத்தவன் போய்ட்டா அவன் இன்னா பண்ணுவான்?" என்றார்.

அடுத்த விடுமுறையில் கதைக்குள் இன்னொரு கம்பெனி வந்தது. மர அச்சின் மேல் தகட்டை வைத்துக் கையால் தட்டிக் காரின் உடலைச் செய்தார்கள். பிறகு இரவு பகலாக நிறுத்தாமல் ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில் வேறொரு மண்டிக்காரர் பட்டை கேட்டு மலைக்கு வந்தார். பாய் ஊரார் முன் சொன்னார்: "அந்தக் கார் சீட்டெல்லாம் நம்ம பட்டையில பதமான தோலுங்க."

அதையும் நோட்டில் எழுதி, எல்லாவற்றையும் உரக்க வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பட்டை பாய்க்கே என்று அப்பாதான் முதலில் வாக்குக் கொடுத்தார். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன் கொடுத்த வாக்கை மீறி எங்கள் மலையில் யாரும் வேறொருவருக்குப் பட்டை கொடுக்க மாட்டார்கள். வந்தவர் வெறுங்கையோடு இறங்கிப் போனார். கார் செய்தவர்களுக்கே அனுப்புகிறேன் என்று பாய் என் நோட்டை வாங்கிக்கொண்டார். பதிலுக்காக ஒரு வருடம் காத்திருந்தேன்.

பொட்டலத்தில் என் நோட்டு இருந்தது. கூடவே அந்தக் காரின் கதை வந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். காகிதப் படம், விலகிய கம்பெனி, தட்டிய தகடு எல்லாம் உண்மை. சீட்டு மட்டும் செயற்கைத் தோல். அந்த வரியின் அடியில் பாய் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

தெரிந்தேதான் என்னை வாசிக்க வைத்திருக்கிறார்.

சீட்டைப் பற்றிய வரியை அடித்துவிட்டேன். சனிக்கிழமை ஊருக்குப் போய், அன்று நின்ற அதே இடத்தில் நின்று, அடித்த வரியையும் அது பொய் என்று சொல்லி வாசிப்பேன். வாசிக்கும்போது அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். பாய் கதையில் மிச்சமெல்லாம் நோட்டிலேயே இருக்கட்டும். ஆனால் அவருடையதாக நான் வைத்துக்கொள்வது, படம் வரைந்தவனுக்காக அவர் கேட்ட கேள்வியைத்தான். அதை அவரிடமே கேட்க…

விளக்கை அணைத்துவிட்டார்கள்.