அசையாமல் ஐந்து நிமிஷம்

ஈ.சி.ஜி. எடுக்கிறவளின் வேலை என்ன என்று யாராவது கேட்டால், பகல் நேரத்தில் ஒரு பெண்ணை ஐந்து நிமிஷம் சும்மா கிடக்க வைப்பது என்றுதான் சொல்வேன். மெஷினை ஓட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு வருகிற சின்ன விஷயம்.

தொண்ணூறுகளில் உதியன்குளங்கரை ஜங்ஷனில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த சின்ன லேபில் எட்டு வருஷம் இந்த வேலையைச் செய்தேன். நெஞ்சு வலிக்கிறவர்கள் பதினேழு படி ஏறி வரவேண்டிய இடத்தில் மெஷினை வைத்த புண்ணியவான் யாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏறி வந்துவிட்டால் நன்றாக இருக்கும். பச்சைத் திரை, ஒற்றைக் கட்டில், அவசரமே இல்லாமல் சுற்றும் மின்விசிறி. பஸ் ஹாரன்கூட அங்கே வந்து சேர்வதற்குள் தூங்கி வழியும். திரைக்குள் எந்நேரமும் சாயங்காலம் மாதிரிதான்.

என்னோடு தங்கம் அக்கா இருந்தாள். அறையைத் துடைப்பது, விரிப்பு மாற்றுவது, பயந்து வருகிறவர்களின் கையைப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள்தான். ஐம்பத்திரண்டு வயது, பிரஷர் உண்டு. தினமும் ஒன்பதாவது படியில் நின்று, முந்தானையைச் சரிசெய்கிற பாவனையில் மூச்சு வாங்குவாள். அவளை ஒருநாள் அந்தக் கட்டிலில் கிடத்தி ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஓயாத வழக்கு. நெஞ்சைத் தடவிக்கொண்டு ‘கேஸ்’, வெறும் வாயு என்று சொல்லிப் பழகிய அக்கா தங்கைகளே, உங்களுக்கு அவளைத் தெரியும். உங்கள் வீட்டுக் கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள்.

தைலம்

அந்தக் காலத்து மெஷினில் நெஞ்சில் வைப்பதற்கு ஆறு ரப்பர் குமிழ்கள் இருந்தன. அமுக்கி வைத்தால் தோலைக் கவ்விக்கொள்ளும். பாறசாலையிலிருந்து வந்த கமலம் மாமிக்கு நான் வைத்த முதல் குமிழ் ‘டப்’பென்று கீழே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. ஆறும் விழுந்து கட்டிலைச் சுற்றி உருண்டன. மாமி காலையிலேயே உச்சி முதல் பாதம் வரை தைலம் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் வருவார்கள்.

தங்கம் அக்கா ஸ்பிரிட் பஞ்சால் நாலு தடவை துடைத்தாள். அறை முழுக்கத் தைல வாசனை ஏறி, எனக்கே கண் சொருகியது. மாமிக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷம். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, படபடக்கிறது என்று அவர் சொன்னதையெல்லாம் வீட்டில் ‘வயசு’ என்ற ஒரே வார்த்தையில் முடித்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தால் நெஞ்சு தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து அறையில் இருந்த டாக்டர் மாத்திரை எழுதினார். இனிமேல் தைலம் வேண்டாம் மாமி என்று நான் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நெஞ்சைக் காட்ட வாறோம். பின்ன வெறும் நெஞ்சோடயா பிள்ளே வாறது?”

தூக்கம்

லதிகாவுக்கு இருபத்தாறு வயது. கள்ளிக்காட்டிலிருந்து பஸ் மாறி வந்தாள், இடுப்பில் நாலு மாசக் குழந்தையோடு. பிரசவத்துக்கு முன்னால் ஏறிய பிரஷர் பிரசவத்துக்குப் பிறகும் இறங்கவில்லை. குழந்தையைத் தங்கம் அக்கா வாங்கிக்கொண்டாள். கை காலில் கிளிப் மாட்டிவிட்டு, “அசையாமல் அஞ்சு நிமிஷம் படு” என்று சொல்லித் திரும்பினேன். அவ்வளவுதான், பெண் தூங்கிப்போனாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. காகிதம் மெஷினிலிருந்து ஊர்ந்து வந்து என் மடியில் சுருண்டது. சின்ன மேடு, பெரிய மேடு, மறுபடி சின்ன மேடு. அதைப் பார்த்துக்கொண்டே நானும் எங்கேயோ போய்விட்டேன். திரைக்கு வெளியே ஆறு பெண்கள் காத்திருந்தார்கள். தங்கம் அக்கா குழந்தையைத் தோளில் போட்டு, உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றாள். ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. ஒருத்தி செருப்புச் சத்தம் கேட்காமலிருக்கக் காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம் கழித்து லதிகா கண் விழித்தாள். அவள் டாக்டரிடம் கேட்டது மாத்திரையைப் பற்றி அல்ல.

“சாரே, இந்தப் படம் நாளைக்கும் எடுக்கணும்னு ஒண்ணு எழுதித் தருவியளா?”

ஒப்பு

பிலோமினா சேச்சி கடற்கரைக்காரி. வீட்டு ஆண்கள் கடலுக்குப் போவார்கள், இவள் மீன் உலர்த்துவாள். செவ்வாய்க்கிழமை நெஞ்சு அடைத்து, தாடை வரைக்கும் வலி ஏறி, வேர்த்துக் கொட்டியிருக்கிறது. எங்களிடம் வந்தது வெள்ளிக்கிழமை, சலவைச் சேலையும் பவுடருமாக. வலிக்கும்போதே ஏன் வரவில்லை என்று கேட்டால், வேர்த்து விறுவிறுத்து நாலு பேர் முன்னால் நிற்பது நாணக்கேடாம். அடுப்பும் வீடும் வேறு போட்டது போட்டபடி கிடந்ததாம். வலி போன பிறகு வந்தால் காகிதத்தில் என்ன தெரியும்? பல சமயம் ஒன்றும் தெரியாது. ‘குழப்பமில்லை, எல்லாம் சரி’ என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த ஒரு தப்பில் எத்தனை பேர் கைவிட்டுப் போனார்கள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

போன தடவையும் இப்படித்தான் வந்து, ஈ.சி.ஜி. காகிதம் ஒட்டிய நல்ல அட்டை வாங்கிப் போயிருக்கிறாள். அதை வேதப்புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். வீட்டில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போ என்றால் அதை எடுத்துக் காட்டுவாளாம். என்னிடமும் காட்டினாள். அந்தக் காகிதம் சூட்டில் பதிகிற காகிதம், கொஞ்ச காலத்தில் வெளுத்துவிடும். அட்டையில் ஒரு கோடுகூட மிச்சமில்லை, கீழே பேனா மையில் போட்ட கையெழுத்து மட்டும் நின்றது. இது வெறும் வெள்ளைத்தாள் சேச்சி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஓட வைத்துப் பார்க்கிற டெஸ்ட் எடுங்கள் என்று டாக்டரும் நானும் மாறி மாறிக் கெஞ்சினோம். கடைசியில் சம்மதித்தாள். ஆனால் அட்டையை மட்டும் கிழிக்க விடவில்லை.

“கோடு போனா போவட்டு மோளே. கீழ டாக்டருக்க ஒப்பு போவல்லியே!”

மரச்சீனி

அறுபத்தைந்து வயது சரோஜத்தை மருமகள்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். காலையில் மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தபோது கத்தி வலது கையிலிருந்து மூன்று தடவை நழுவியிருக்கிறது. வாயும் கொஞ்சம் கோணியதாம். பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. மாமி கிழங்கை வேகவைத்து, எல்லோருக்கும் விளம்பி, பாத்திரம் கழுவிவிட்டுத்தான் மருமகளிடம் சொல்லியிருக்கிறார்.

டாக்டர் உடனே காரக்கோணம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பைப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷம் முன்னோட்டம்தான், பின்னால் பெரிய பக்கவாதம் வரக்கூடும் என்று மருமகளிடம் விளக்கினார். அப்போதே ஏன் சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை என்று நான் சரோஜம் மாமியிடம் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு விவரமில்லாத பெண்ணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“இடத்தே கை உண்டுல்லா மக்கா? வேல நிக்கல்ல கேட்டியா.”

ஒரு கட்டில் ஆகாசம்

சரோஜம் மாமி ஜீப்பில் போன அன்று தங்கம் அக்காவிடம் மறுபடி சண்டை போட்டேன். இன்றைக்கு வெள்ளக்குடம் சுமக்கணும் என்றாள். மறுநாள் கேட்டால் மகளுக்க வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள் என்றாள். வெளியே பெண்கள் காத்திருக்கும்போது வேலைக்காரி எப்படிக் கட்டிலில் கிடப்பது என்றாள். எனக்கும் அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த வாரம், காலை பத்து மணி இருக்கும். பெருக்கிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தோடு தரையில் உட்கார்ந்தாள். ரவிக்கை நனைந்து ஒட்டியிருந்தது. முதுகில் யாரோ அம்மியைத் தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது, இஞ்சித் தண்ணி குடித்தால் போய்விடும் என்றாள். துடைப்பத்தைப் பிடுங்கி எறிந்தேன். அந்த எட்டு வருஷத்தில் நான் அவளை ‘எழும்பு’ என்று அதட்டியது அன்று மட்டும்தான். காத்திருந்த பெண்கள் இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினார்கள். காகிதம் வரத் தொடங்கியது. கீழே இறங்க வேண்டிய கோடு இறங்காமல் மேலேயே நின்றது. எதைப் பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொள்வேனோ அதுதான், மாரடைப்பு.

டாக்டர் ஓடி வந்து பார்த்தார். அவளிடம் ஒரு மாத்திரையைச் சவைக்கக் கொடுத்துவிட்டு, என்னை ஓரமாக அழைத்தார். “இப்ப வந்தது ஒண்ணு. இதுக்கு முன்னாடி வந்துபோன தழும்பும் உண்டு. எப்போன்னு ஓர்மை உண்டா?” எனக்கு ஞாபகம் இருந்தது. ஓணத்துக்கு முந்தின வாரம் நெஞ்சு எரிகிறது என்றாள். நான்தான் என் பையிலிருந்து ஒரு கேஸ் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். சப்பிவிட்டு, பத்து நிமிஷத்தில் எழுந்து அறையைத் துடைத்தாள். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் உபதேசம் செய்தவள், பக்கத்தில் நின்றவளுக்கு அதைத்தான் செய்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

ஜீப் வரும்வரை அவளை அசைய விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஓணத்துக்கு முன்னால் கொடுத்த அந்தக் கேஸ் மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கண் என்னைத் தாண்டி மேலே போயிருந்தது. அக்கா, அக்கா என்று உலுக்கிவிட்டு, அவள் பார்த்த திசையில் நானும் குனிந்து பார்த்தேன். நிற்கிறவர்களுக்குத் தெரியாத சாய்வில், மேல் ஜன்னல் வழியாக ஒரு அயினி மரத்தின் உச்சியும், அதன்மேல் வெள்ளை மேகமும் நின்றிருந்தன. காற்றில் மரம் மெல்ல ஆடியது. வெளியே ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தங்கம் அக்கா கண்ணை எடுக்காமலே, கொஞ்சம் குறைபட்டுக்கொள்கிற குரலில் சொன்னாள்.

“இத்தன வருசமா இந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாத்துதேன் மக்கா. இங்க கெடந்தா இம்பிடு ஆகாசம் காணலாம்னு ஒருத்தியும் எனக்க கிட்டச் சொல்லல்லியே.”

தங்கம் அக்கா பிழைத்து இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு, ‘நோயாளி வந்து காத்திருக்கிறார், கட்டிலை விட்டு எழும்பு அக்கா’ என்று கெஞ்சுவதும் என் வேலையில் சேர்ந்துகொண்டது.