ஊக்கு குத்தாத ஆவ்யாய்

குயென் என்ற பெயரை பஹ்ரைனின் ஈசா டவுன் தமிழ்ப் பெண்கள் முதல் நாளிலேயே குயில் ஆக்கிவிட்டார்கள். அவள் மறுக்கவில்லை. அவளுடைய மொழியிலும் அது குயில் இனப் பறவை ஒன்றின் பெயர்தான். தெரியாமலே சரியாகச் சொன்னவர்களைத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டாள். தன் நாட்டு உடையின் பெயரில் மட்டும் அந்தத் தாராளம் அவளுக்கு வரவில்லை.

வியட்நாமின் ஹுவே நகரத்தில் பிறந்தவள். மனாமாவில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்த்தபோது பொள்ளாச்சிக்காரரான பொறியாளர் கௌரிசங்கரை மணந்தாள். மாமியாரோடு தொலைபேசியில் பேசியே தமிழ் கற்றதால் அவளுக்கு வாய்த்தது கொங்குத் தமிழ். தமிழ்ச் சங்கத்தின் ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தி பரிமாறினாள். அந்த உழைப்புக்காக இந்த ஆண்டு குத்துவிளக்கேற்றும் மரியாதையைச் சங்கம் அவளுக்கு அளித்தது. விழா, ஜனவரியின் கடைசி வெள்ளி. வியட்நாமியப் புத்தாண்டின் மூன்றாம் நாளும் அதுவே. ஆவ்யாய் அணிந்து வருவதாக அவள் அறிவித்தாள். மறுநாள் மாலையே சங்கச் செயலாளர் ஷியாமளா வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆவ்யாய் என்பதற்கு நீண்ட உடை என்பதே நேர்ப்பொருள். கழுத்தை ஒட்டிய பட்டி, உடம்போடு பொருந்திய மேற்பகுதி, கணுக்கால்வரை தொங்கும் முன்மடலும் பின்மடலும், உள்ளே தளர்வான கால்சட்டை. இருபுறத் திறப்பும் கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்குச் சற்று மேலே தொடங்குவதால், அவ்விடத்தில் சிறிது தோல் தெரியும். வெட்டில் நேர்ந்த பிழையன்று, அதுதான் வெட்டு. பதினைந்து வயதில் வெள்ளை ஆவ்யாயைப் பள்ளிச் சீருடையாக அணிந்து சைக்கிள் மிதித்தவளுக்கு அதில் கூச்சப்பட எதுவும் இருந்ததில்லை.

ஷியாமளா அலமாரிக் கதவில் தொங்கிய நீல ஆவ்யாயை விரித்துப் பார்த்தார்.

"சுடிதார்தானே இது?"

"இல்லீங்கக்கா. ஆவ்யாய்."

"சரி, ஏதோ ஒண்ணு. இடுப்பு தெரியுதே குயில்? ஸ்டேஜ்ல எல்லாரும் பாப்பாங்க."

குயென் ஷியாமளாவின் சேலைக்கும் ரவிக்கைக்கும் இடையே நிதானமாகப் பார்வையை ஓட்டினாள்.

"உங்களுக்கு ஒரு சாண் தெரியுதுங்கக்கா. எனக்கு ஒரு விரக்கடைதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கௌரிசங்கருக்குத் தேநீர் புரையேறியது.

"அது வேற, இது வேற!" என்றார் ஷியாமளா.

"என்ன வேறங்க?"

ஷியாமளாவின் கைப்பையிலிருந்து இரண்டு ஊக்குகள் வந்தன. "ரெண்டு பக்கமும் குத்திக்கோ. இல்லைன்னா விளக்கை நம்ம சங்கத்துப் பிருந்தா ஏத்தட்டும்."

அவர் போனபின் கௌரிசங்கர் மெல்லத் தொடங்கினார். "ஒரு நாள்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாமில்ல?"

"வருசா வருசம் ஒரு நாள்தானுங்க. என்ர நாள் எப்பங்க?" அவள் ஊக்குகளைத் தொடவில்லை. "பழைய ஆவ்யாய்ல அஞ்சு துண்டுங்க. வெளிய நாலு. அது என்ர அப்பா அம்மா, உங்கப்பா அம்மான்னு சொல்லுவாங்க. அஞ்சாவது சின்னது, உள்ளார இருக்கும். அதுதான் போடறவ. எங்கூருலயே அவளை உள்ளாரதான் வெச்சாங்க. இங்க ஊக்கு வேற குத்தோணுமா?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "வெள்ளிக்கிழமை வண்டி எத்தனை மணிக்கு எடுக்கோணும்?" என்று கேட்டார்.

விழா மேடையில் தொகுப்பாளர் உற்சாகமாக அழைத்தார்: "இப்போது அழகான சீன உடையில் நமது குயில்..."

படியேறிய குயென் ஒலிவாங்கியை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். "சீனா இல்லீங்க, வியட்நாம். சுடிதாரும் இல்லீங்க. இதுக்குப் பேரு ஆவ்யாய்."

அரங்கில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. ஷியாமளாவின் பார்வை அவளுடைய இடுப்பின் இருபுறமும் ஊக்குகளைத் தேடியது. இல்லை என்றானதும், எரியும் மெழுகுவத்தியோடு நின்ற பிருந்தாவுக்குக் கண்ணைக் காட்டினார். பிருந்தா தயங்கியபடி விளக்கை நோக்கி நகர்ந்தாள்.

குயென் குறுக்கே வந்து கையை நீட்டினாள். "குடு பிருந்தா. பேரு கூப்பிட்டது என்னையத்தான்."

பிருந்தா ஷியாமளாவைப் பார்த்தாள், நீட்டிய கையைப் பார்த்தாள், கொடுத்துவிட்டாள்.

நெருப்புப் படாதிருக்க முன்மடலைச் சேர்த்து இடக்கையில் ஒதுக்கிப் பிடித்தாள் குயென். பக்கத் திறப்பு இன்னும் அகன்றது. முதல் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டியது அவள் காதில் விழுந்தது. மடலை விடவில்லை. கடைசித் திரி ஈரமாக இருந்ததால் பற்ற நேரமெடுத்தது. அது பற்றும்வரை அப்படியே குனிந்து நின்றாள்.