ஸ்டேஷனில் போய் உட்கார்ந்த நாட்கள்

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, கவரைப்பேட்டையில் வயலை ஒட்டித் தனியாக நின்ற ஓர் அறையில் குடியிருந்தோம். என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் வேலை. காலையில் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதும் அறை அமைதியாகிவிடும். எனக்கு அதுதான் ஆகாது.

நான் திருவள்ளூர் பக்கம் ஓர் அநாதைக் குழந்தைகள் ஹோமில் வளர்ந்தவள். ஒரே ஹாலில் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்போம். யாராவது இருமுவார்கள், யாராவது தூக்கத்தில் பேசுவார்கள். பதினெட்டு வயதானதும் வெளியே அனுப்பி, காக்களூரில் பேக்கிங் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் பெண்கள் கூட்டம்தான். என் கணவரை அங்கேதான் பார்த்தேன். ஒரு வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்று கல்யாணத்துக்கு முன் எனக்குத் தெரியாது. குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன். அழுதால் தூக்கிக்கொண்டு சுவருக்குச் சுவர் நடப்பேன். கதவைச் சாத்துவேன், உடனே திறப்பேன்.

அதனால் சமையல் முடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். பிளாட்பாரத்தில் கொய்யா விற்கும் ஓர் அக்கா பக்கத்தில் உட்காருவேன். வண்டி வரும், ஜனங்கள் ஏறி இறங்குவார்கள். அந்தச் சத்தத்தில்தான் குழந்தையும் நன்றாகத் தூங்கும்.

ஒருநாள் அதற்கு வயிற்றுப்போக்கு. துணியெல்லாம் நாசம். எங்கள் பக்கத்துக் குழாயில் தண்ணீர் இல்லை. “அக்கா, கொஞ்சம் புடிங்க, அலசினு வந்துடறேன்” என்று குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, தண்டவாளத்தைத் தாண்டி எதிர் பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த குழாய்க்குப் போனேன். அலசிக்கொண்டிருக்கும்போதே சென்னை வண்டி நடுவில் வந்து நின்றது. அது கிளம்பிப் போன பிறகு பார்த்தால், அக்காவைச் சுற்றிக் கூட்டம்.

“வண்டி ஏறிப் போய்ட்டா” என்று யாரோ சொன்னது கேட்டது. ஈரத் துணியோடு ஓடினேன்.

குழந்தை ஒரு ரயில்வே போலீஸ்காரர் கையில் இருந்தது. கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

“உன் புள்ளதானா?”

“ஆமா சார்.”

“உங்க அம்மா ஊடு எங்க?”

“அம்மா இல்ல சார். ஹோம்ல வளந்தேன்.”

கூட்டத்தில் ஒருவர், “அதான பாத்தேன்” என்றார். என்ன பார்த்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கொய்யா அக்காதான் எழுந்து வந்தார். “சார், இது டெய்லி புள்ளய தூக்கினு வந்து எம் பக்கத்துல குந்திக்கினு இருக்கும். ஆளக் காணோம்னு பேஜாராயி நான்தான் கத்திட்டேன். குடுத்துடு சார், பால் குடிக்கிற புள்ள.”

போலீஸ்காரர் குழந்தையைக் கொடுத்தார். ஆனால் புருஷன் வரும்வரை போகக் கூடாது என்று சொல்லி, கம்பெனி கேட்டுக்குப் போன் போட்டார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுத்தேன். நான் படுத்த அந்த ஹாலில், அதே வரிசையில், என் மகள் படுத்திருப்பது போலவே கண்முன் வந்தது.

கிரீஸ் கறையோடு என் கணவர் வந்தார். “பொண்டாட்டிய ஊட்லயே வெச்சுக்கப்பா” என்று போலீஸ்காரர் சொன்னதற்குத் தலையாட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் கேட்டார்.

“இன்னாத்துக்கு தெனம் அங்க போற?”

“ஊட்ல சத்தமே இல்ல.”

“ஷிப்டு முடிஞ்சி வந்தா எனக்கு அந்த அமைதிதான் வேணும்” என்றார்.

இருந்தாலும் அவரேதான் அலைந்து கும்மிடிப்பூண்டியில் வேறு வீடு பார்த்தார். வரிசையாக அறைகள், எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே குழாய், விடிந்தால் குடச் சண்டை. அவர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு தூங்கினார்.

பக்கத்து அறைத் தெலுங்குக்கார அம்மா முதல் நாளே என்னைக் கேட்காமல் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். நான் தலைமாட்டிலேயே நின்றேன்.

“இன்னாமா, தூக்கினு ஓடிடுவேன்னு பாக்கறியா?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டு எடுக்க உள்ளே ஓடியவள் அதே வேகத்தில் திரும்பி வந்தேன்.

குழந்தையை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு ரேஷன் கடைக்குப் போக ஒரு வருஷம் ஆயிற்று. அன்றும் பாதி வழியில் திரும்பி வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.